நெடுங்குளத்துத் தாராப் பூசை

ஹோத்சந்த் சேட்டின் ஜவுளிக்கடையில் 'இல்லை' என்ற சொல் புழக்கத்தில் கிடையாது. நீலத்தில் பாப்ளின் கேட்டு ஒருவர் வந்தால் 'உண்டு' என்பார், உட்காரச் சொல்வார், பச்சையை எடுத்து விரிப்பார். வந்தவர் "இது பச்சைல்லாவே" என்றால் "வெயில்ல கொண்டுபோய்ப் பாரும்" என்பார். வெயிலில் பார்த்தாலும் அது பச்சையாகவேதான் இருக்கும். ஆனால் அதற்குள் வந்தவர் கடையில் சுக்குக் காப்பி குடித்து, மகள் கல்யாணம் தட்டிப்போன கதையைச் சொல்லி, அதற்குச் சேட்டு இரண்டு தடவை 'ச்சொ' கொட்டியும் முடித்திருப்பார். அதன் பிறகு பச்சையை வாங்காமல் எழுந்து போவதற்குத் தனி மனத்திடம் வேண்டும். நெடுங்குளத்தில் அது அதிகம் பேருக்கு வாய்க்கவில்லை.

இல்லை என்று சொன்னால் வந்தவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பது செவானில் அவர் தகப்பனார் கண்டறிந்த உண்மை. செவான் சிந்து நதியை ஒட்டிய ஊர். தேசம் இரண்டாகப் பிரிந்தபோது தகப்பனாரின் கடை அந்தப் பக்கமும் ஹோத்சந்த் இந்தப் பக்கமுமாக ஆகிப்போயிற்று. கராச்சியில் கப்பல் ஏறி, பம்பாயில் இறங்கி, கல்யாண் முகாமில் ரொட்டிக்கு வரிசையில் நின்று, கொச்சியில் ஒரு சித்தப்பா மகனைக் கண்டுபிடித்தார். சித்தப்பா மகன் கட்டித் தழுவி அழுதுவிட்டு, "இங்கே நம் ஆட்கள் ஏற்கெனவே கடை போட்டுவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பார்" என்றார். ஹோத்சந்தும் மனைவி கலாவந்தியும் தெற்கே போனார்கள். இதற்கு மேல் போனால் கடல் என்று சொல்லப்பட்ட இடத்தில், நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகும் ரோட்டில், நெடுங்குளம் ஜங்ஷனில் ஒரு கடை கிடைத்தது.

புதிதாக வந்தவர் இன்னார் என்று தெரியாமல் நெடுங்குளத்துக்காரர்களுக்குச் சோறு இறங்காது. ஒரு வாரம் ஆராய்ந்தார்கள். பூணூல் இல்லை, ஆகவே ஐயர் இல்லை. மீன்காரியைக் கூப்பிட்டு நிறுத்துகிறார், ஆகவே பிள்ளைமார் இல்லை. கோயிலில் திருநீறு வாங்குகிறார், ஆகவே வேதக்காரக் கிறிஸ்தவர் இல்லை. வீட்டுக்குள் தாடி வைத்த ஒரு பெரியவர் மீன்மேல் உட்கார்ந்திருக்கிற படம் மாட்டியிருக்கிறார். அது எதிலும் அடங்கவில்லை, ஆகவே அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சேட்டு என்று வடக்கே ஒரு சாதி உண்டென்றும், அந்தச் சாதியில் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார் என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கடைக் கட்டடம் வள்ளிநாயகம் பிள்ளைக்குச் சொந்தம். அவருக்கு வயல் உண்டு, தோப்பு உண்டு, ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் உண்டு. மகாராஜா காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு ஊர்க் குளத்தில் காட்டுத் தாரா என்கிற வாத்தைச் சுட வழிகாட்டியதாகச் சொல்லுவார். அந்தப் படம் அவர் வீட்டு முன்கட்டில் தொங்கியது. துரை, துரையின் நாய், கீழே வரிசையாகக் கிடத்திய தாராக்கள், ஓரத்தில் பாதித் தோள் மட்டும் தெரிகிற ஒருவர். அந்தத் தோள்தான் பிள்ளை. தாராவைச் சுடுவாரே தவிர வாயில் வைக்கமாட்டார், சுத்த சைவம். விழுந்ததை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டுதான் படியேறுவார். 'வேட்டை வேற, தீனி வேற' என்பார்.

அந்த வருஷம் ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லை மாறப்போகிறது என்று யாராவது சொன்னால் ஹோத்சந்தின் கண் தன்னையறியாமல் கடையின் பின்கதவுக்குப் போகும். ஆனால் ஆபத்து முன்வாசல் வழியாகத்தான் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் பிள்ளை படியேறி வந்து, விரித்திருந்த துணியின் மேலேயே உட்கார்ந்தார்.

"வே சேட்டு, தை பொறந்த ஒடனே கடைய ஒழிச்சுத் தந்திரும். எந்தங்கச்சி மவன் ரேடியோக் கடை போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

"ஆட்டும் பிள்ளைவாள்" என்றார் ஹோத்சந்த்.

யார் எது கேட்டாலும் 'ஆகட்டும்' என்பது அவர் பழக்கம். என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தபோது பிள்ளை ரோட்டைத் தாண்டியிருந்தார். கடையில் துணி எடுத்துப் போடும் தாணுலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்குவே சேட்டே! வாறவன் போறவனுக்கெல்லாம் உண்டு உண்டும்பேரு. கடைய ஒழியும்னு சொன்னா அதுக்கும் ஆட்டும்பேரா?"

ஹோத்சந்த் பிள்ளை உட்கார்ந்திருந்த துணியை மடித்தார். முதல் கடை போனபோது ஒரு தேசமே இரண்டாக உடைந்திருந்தது. போனதற்கு ஒரு கௌரவம் இருந்தது. இந்தக் கடை ஒரு ரேடியோவுக்காகப் போகப்போகிறது. இனித் தெற்கே போகவும் இடமில்லை.

இந்தச் சமயத்தில்தான் பகவதியப்பன் அவரை ஆராயத் தொடங்கினார்.

பகவதியப்பன் பிள்ளையின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. நாகர்கோவிலில் ஒரு காலேஜில் சரித்திர வாத்தியார். சரித்திரத்தில் பெரிய ஆட்கள் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மானிடவியலுக்குத் தாவியிருந்தார். ஹாலந்து தேசத்திலிருந்து ஒரு பேராசிரியர் மார்கழியில் வருகிறார். இதுவரை யாரும் எழுதாத ஒரு கூட்டத்தாரைப் பற்றி, யாரும் காணாத ஒரு வழக்கத்தை அவருக்குக் காட்டிவிட்டால் பகவதியப்பனுக்கு ஹாலந்து போகக் கப்பல் டிக்கட். அதற்காகத் தலை அளக்கிற ஓர் இடுக்கி வாங்கி வைத்திருந்தார். முடி வெட்டும் கடையில் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அங்கேயே போய் நின்று அளப்பார். பிள்ளைக்கு இது மகா கேவலமாக இருந்தது. மாமனும் மருமகனும் விசேஷ வீடுகளில் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பகவதியப்பன் குளத்தங்கரையில் வரும்போது, கலாவந்தி படித்துறையில் நின்று தண்ணீரில் அரிசியும் சீனியும் வீசிக்கொண்டிருந்தாள். தாமரைக்குள்ளிருந்து காட்டுத் தாராக்கள் கூட்டமாக நீந்தி வந்து, அவள் காலடியில் அரிசியைப் பொறுக்கின. பகவதியப்பன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நேராகக் கடைக்கு வந்தார்.

"சேட்டு, ஒங்க ஆளுகளுக்குப் பறவைய வச்சு வழிபாடு ஏதும் உண்டுமா?"

கலாவந்தி அரிசி போட்டது நதிக்கு. வீட்டுப் படத்தில் மீன்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவருக்கு, சிந்து நதியின் தெய்வத்துக்கு, வெள்ளிதோறும் அரிசியும் சீனியும் விடுவது அவர்கள் வழக்கம். இங்கே நதி இல்லாததால் குளத்தில் விட்டாள். தாரா வந்து தின்பது தாராவின் சொந்த முயற்சி. இதை ஹோத்சந்த் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் நதி கேட்கவில்லை, பறவை கேட்கிறார்.

"உண்டு சார்."

"அப்பிடிச் சொல்லும்! தாராவா?"

"தாராதான் சார். வேற என்ன!"

"தாரா ஒங்க குலத்துக்கு மூதாதைன்னு வணங்குதேளா, இல்ல செத்துப்போன பெரியவங்களுக்க ஆவி தாராவுல வந்து நிக்கும்னு நம்பிக்கையா?"

இரண்டு தினுசுத் துணியை முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்பது போல இருந்தது. ஹோத்சந்த் வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்த்தார். முகம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

"ரெண்டும் உண்டு சார். சார் எத எடுத்தாலும் நல்லதுதான்."

பகவதியப்பன் எழுதினார். தாணுலிங்கம் துணிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்று இருமினான்.

"வருசத்துல பெரிய பூசை உண்டா?"

"உண்டு சார்."

"எப்பம்?"

"சாருக்கு எப்பம் சௌரியம்?"

இப்படிக் கேட்டது தப்பாகிவிட்டதோ என்று ஹோத்சந்துக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பகவதியப்பனுக்கு அது கேட்கவே இல்லை. "மார்கழி கடைசி ஞாயித்துக்கெழமதான் அவரு வாறாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "மார்கழில உண்டுமா?" உண்டு என்றார் சேட்டு. இறங்கும்போது பகவதியப்பன் சேட்டின் தோளில் தட்டி, "கடையப் பத்தி விசாரப்படாதயும். மாமாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லுகேன்" என்றார்.

மாமா நாலு நாள் கழித்துத் தாமாகவே வந்தார். அந்த வருஷம் தாராக்கள் அவர் வழக்கமாக மறைந்து உட்காரும் தாழம்புதர்ப் பக்கம் வரவில்லை; எல்லாம் படித்துறையைச் சுற்றியே கிடந்தன. நாகர்கோவிலில் ஓய்வுபெற்று இருக்கும் ஒரு ஜட்ஜியை வேட்டைக்கு அழைத்துவிட்டார். ஜட்ஜி வந்து வெறுங்கையோடு போனால் பிள்ளைக்கு அதைவிட மானக்கேடு இல்லை.

"வே, ஒம்ம வீட்டுக்காரி அரிசி போட்டா தாரா அம்புட்டும் கூடுதாமே? வசியம் கிசியம் உண்டுமா?"

"உண்டு பிள்ளைவாள்."

"அப்பம் மார்கழி கடைசி ஞாயித்துக்கெழம சாயந்திரம் கூட்டிக் குடும். ஜட்ஜி மனசு குளுந்துட்டாருன்னா கடை விசயம் பொறவு பேசிக்கிடுவோம்."

மருமகனுக்குக் காலை, மாமனுக்குச் சாயந்திரம். ஒரே அரிசி, ஒரே தாரா, இரண்டு வாடிக்கை. ஒருவர் கடையின் சொந்தக்காரர், இன்னொருவர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறவர். எந்த வழியாக வந்தாலும் கடை நிற்கும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹோத்சந்த் இதைக் கலாவந்தியிடம் சிந்தியில் விளக்கினார்.

அவள் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "வாத்து நமக்கு யார்?"

"மூதாதை."

"உங்கள் பக்கத்திலா, என் பக்கத்திலா?"

"கலா, கடை போய்விடும்."

"போன கடைக்காக நான் அழுதேனா? நகையைக் கழற்றித் தந்தேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் சாமியை விற்கவில்லை. என் சாமிக்கு நாள் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் நதி வருமா?"

"நீ வழக்கம்போல அரிசி போடு. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். பேர் நான் வைத்துக்கொள்கிறேன்."

அவள் மிஞ்சிய ரொட்டிகளை மூடி வைத்தாள். கடைசியில், "அரிசி போடுவேன். என் காரணத்துக்காகப் போடுவேன். என்னிடம் யாராவது கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன்" என்றாள்.

இந்த ஊரில் ஆம்பிளைகள் பெண்பிள்ளைகளிடம் எதையும் கேட்பதில்லை என்பதால் ஹோத்சந்த் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியர் வந்தார். வெயிலில் மூக்கு உரிந்த, நெடிய, அதிகம் பேசாத மனிதர். படித்துறையில் அவருக்கு ஒரு நாற்காலி. பகவதியப்பன் கோட்டுப் போட்டிருந்தார். கலாவந்தி மாவில் செய்த விளக்கைத் தாம்பாளத்தில் ஏற்றி வைத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று அரிசியை வீசினாள். தாராக்கள் வந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அவள் புடவையின் மேலேறும் அளவுக்கு வந்தன. மூதாதையர் இவ்வளவு நெருங்கி வந்து ஒத்துழைப்பார்கள் என்று ஹோத்சந்தே எதிர்பார்க்கவில்லை. பகவதியப்பன் இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த இனம் ஓர் உயிரையும் கொன்றதில்லை என்பது மட்டும் ஹோத்சந்துக்குப் புரிந்தது. முந்தின நாள் மத்தியானம் தின்ற சாளைமீனை நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பேராசிரியர் பக்தி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஜட்ஜிக்குச் சாயந்திரமானால் மூச்சு இழுக்கும் என்பதை ஹோத்சந்திடம் யாரும் சொல்லவில்லை. அதனால் வேட்டை காலைக்கு மாறியிருந்ததும் அவருக்குத் தெரியாது.

எதிர்க்கரைத் தாழம்புதரிலிருந்து இரண்டு வெடி கேட்டது. குளமே எழுந்து பறந்தது போல இருந்தது. சிறகுச் சத்தம் அடங்குமுன் ஒரு தாரா படியில் வந்து விழுந்தது. இன்னொன்று கலாவந்தியின் தாம்பாளத்தின் மேலேயே விழுந்தது. விளக்கு அணைந்தது.

பேராசிரியர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பகவதியப்பன் வெளிறிய முகத்தோடு சேட்டின் பக்கம் திரும்பினார்.

"சேட்டு, வெடி வைக்கதும் இந்தப் பூசைல உள்ளதா?"

"உண்டு சார்."

"ஆரு வைக்கணும்?"

"பெரிய மனுசன் சார். நெலம் உள்ள ஆளு."

"ஒங்க சாதி ஆளா, உள்ளூர் ஆளா?"

"ரெண்டும் உண்டு சார்."

பகவதியப்பன் அதையும் மொழிபெயர்த்தார். பேராசிரியர் பென்சிலை எடுத்தார். அதற்குள் நெலம் உள்ள ஆள் கரையைச் சுற்றித் துப்பாக்கியும் கையுமாக வந்துவிட்டார். பின்னால் கைத்தடி ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு ஜட்ஜி.

"ஆருலே அது கரையில கூட்டம் போட்டு... மாப்பிளையா? நீரு இங்க என்ன செய்யுதேரு? பத்துத் தாரா விழுக எடத்துல ரெண்டு விழுந்து கெடக்கு. சாடிக் கலச்சுப் போட்டேரே வே!"

"மாமா, இது ஒரு ஆராய்ச்சி..."

"ஆராய்ச்சி! தலைய அளந்தது போராதுன்னு தாராவுக்கும் மண்டைய அளக்க வந்தேராக்கும்! சேட்டு, நீரு சாயந்திரம் கூட்டித் தாறேன்னுதானவே சொன்னேரு? இப்பம் இவருக்குக் கூட்டிக் குடுத்திருக்கேரு!"

பகவதியப்பன் சேட்டைப் பார்த்தார். பிள்ளை சேட்டைப் பார்த்தார். சேட்டு வாயைத் திறந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்க அவரிடம் அந்த நேரத்தில் ஒரு தினுசும் இருக்கவில்லை. அப்போது தண்ணீருக்குள்ளிருந்து கலாவந்தி பேசினாள்.

அவள் தமிழ் படித்தது இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களிடம். அந்தத் தமிழில் பூச்சு வேலை கிடையாது.

"இஞ்ச கேளுங்க எல்லாரும். தாராவ நாங்க கும்புடமாட்டோம். எங்க ஊருல அத மசாலா வச்சுத் திம்போம். நான் அரிசி போட்டது எங்க ஆத்துக்கு. ஆறு அங்க கெடக்கு, நான் இஞ்ச கெடக்கேன். தண்ணி எல்லாம் ஒண்ணுதான்னு போட்டேன். தாரா வந்து தின்னா அது தாராவுக்க பாடு. பூசையும் இல்ல, வசியமும் இல்ல. இவரு சொன்னது முழுக்கப் பொய்."

சொல்லிவிட்டு, தாம்பாளத்தில் கிடந்த தாராவைக் கழுத்தைப் பிடித்து எடுத்துப் படியில் வைத்தாள்.

பகவதியப்பன் இதை மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியர் காத்திருந்தார். ஜட்ஜிக்கு ஒரு சாட்சியம் பதிவாகாமல் காற்றில் போவது பொறுக்கவில்லை; தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல், மசாலா உட்பட, நல்ல கோர்ட்டு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

பிள்ளைக்குக் கோபம் சேட்டைத் தாண்டி மாப்பிள்ளை மேல் பாய்ந்தது. "கேட்டேரா? ஒரு ஏவாரி சொன்னதக் கேட்டு ஊரு முன்னால என்னய நாணங்கெடுத்திப் போட்டேரு. எஞ்சொத்துல ஒரு துண்டு ஒமக்குக் கெடையாது வே! எங்க அம்மாவன் சொத்து, அம்மைக்க அண்ணன் சொத்து, எனக்கு வந்துது. என் சொத்து எந்தங்கச்சி மவனுக்கு. அதுதான் நம்ம பழைய மொறை. சட்டம் வந்தா? சட்டம் கெடக்கட்டு!"

ஜட்ஜி, வேகத்தில், இதையும் மொழிபெயர்த்துவிட்டார்.

பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தாராக்களையும் சேட்டையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் அருகே போய், மிகவும் பணிவாக, தங்கள் வீட்டுக்கு வந்து சில கேள்விகள் கேட்கலாமா என்றார். சட்டம் போட்டு நிறுத்தி ஒரு தலைமுறை ஆன வழக்கம் ஒருவர் வாயில் இத்தனை சூடாக இருப்பதைக் கேட்கத்தான் அவர் கடல் தாண்டி வந்தாரோ என்னவோ. பிள்ளை துப்பாக்கியைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். "ஹாலந்துல நம்ம பேரு தெரிஞ்சிருக்கு பாத்தேரா" என்று ஜட்ஜியிடம் சொன்னார்.

ஹோத்சந்த் மறுநாள் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார். கலாவந்தியும் கூட உட்கார்ந்து கட்டினாள். தாணுலிங்கம் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"அங்க நடக்க கூத்தப் பாக்கணுமே! பிள்ளைவாள் பட்டு நேரியதப் போத்திக்கிட்டு, துப்பாக்கிய நெஞ்சோட சேத்துப் புடிச்சு உக்காந்திருக்காரு. வெள்ளைக்காரன் அவருக்க மூக்க அளக்கான், காத அளக்கான். முன்னால ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம். நம்ம கடைல ஒரு ஆளு சட்டைக்கு அளவு குடுத்தா இப்பிடி ஒத்துமையா நிப்பானா?"

தை பிறக்கும் முன்பு, சித்திரை வரைக்காவது தவணை கேட்டுப் பார்ப்போம் என்று ஹோத்சந்த் பிள்ளை வீட்டுக்குப் போனார். பேராசிரியர் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார். முற்றத்து வைக்கோற்படப்புக்குப் பக்கத்தில் நின்றபோது, உள்ளே மாமனும் மருமகனும் பேசுவது கேட்டது. பகவதியப்பனுக்கு ஹாலந்து கிடைக்கவில்லை. பேராசிரியர் கைகுலுக்கி, 'மாமனாரை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"அவுரு எழுதப்போற புஸ்தகத்துல நம்ம படம் எங்கன வரும் மாப்பிளை?" பிள்ளையின் குரலில் தேன் ஒழுகியது.

"மொத அத்தியாயத்துல மாமா."

"மொதல்லயா! ராசாமாருக்கும் முன்னாலயா?"

"ராசாமாரு பொறத்தாலதான். மனுச குலம் வளந்து வந்த படி ஒண்ணு உண்டும்லா? வேட்டையாடித் திரியுத கூட்டம் மொதப் படி. ஆடு மாடு மேய்க்கவன் ரெண்டாம் படி. உழுகவன் அதுக்கு மேல. ஏவாரி எல்லாத்துக்கும் மேல."

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"அப்பம் நம்ம சேட்டு?"

"மேல் படி."

"நாம உழுக கூட்டம்லா வே?"

"படத்துல கையில கலப்பையா இருக்கு? துப்பாக்கில்லா இருக்கு."

பேராசிரியர் இப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இந்தப் படிக்கட்டு பகவதியப்பன் காலேஜில் வருஷந்தோறும் நடத்துகிற பாடம். எந்தப் பழைய புஸ்தகத்திலிருந்து எடுத்தாரோ, அவருக்கே ஞாபகமில்லை. ஆனால் ஹாலந்து போகாதவனுக்கும் ஏதாவது ஒரு சுகம் வேண்டியிருக்கிறது.

"தங்கச்சி மவனுக்குச் சொத்துக் குடுக்கதும் அந்த மொதப் படியில உள்ள வழக்கந்தான் மாமா" என்று அவர் மென்மையாகச் சேர்த்துக்கொண்டார். "அதுனாலதான் அவருக்கு ஒங்க மேல அம்புட்டு இஷ்டம்."

பிள்ளை வெளியே வந்தார். முற்றத்தில் நின்ற சேட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேல் படியில் இருப்பவன் வேட்டியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு நிற்பதை நம்ப முடியாதவர் போலப் பார்த்தார்.

"எங்கவே வந்தேரு?"

"கடைய ஒழிக்கது... சித்திரைக்குள்ள..."

"ஆருவே ஒழிக்கச் சொன்னா?"

"பிள்ளைவாள்தான்..."

"அது பழைய காலத்து மொறைவே. நாம இப்பம் அப்பிடியா? தங்கச்சி மவன் வேணும்னா சொந்தமாச் சம்பாதிச்சு ரேடியோ விக்கட்டு. நீரு போயி மூட்டைய அவுரும்."

ஹோத்சந்த் கும்பிட்டுவிட்டு, அவர் மனம் மாறுவதற்குள் வாசலைத் தாண்டினார்.

மாசி முடிவதற்குள் நெடுங்குளத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. பிள்ளை துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிட்டு, முன்கட்டில் தொங்கிய துரையின் படத்தைக் கழற்றினார். பறவைகளைக் காப்பதே மனிதகுலத்தின் கடைசிப் படி என்று ஒரு கூட்டத்தில் பேசினார். அந்தப் படியைப் பகவதியப்பன்கூடக் கேள்விப்பட்டதில்லை. சேட்டின் கடையில் காக்கித் துணி எடுத்து, தோளில் பித்தளைப் பொத்தான் வைத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டு, காலையும் மாலையும் குளத்தங்கரையில் உலாத்தினார். வெடி நின்றதும் தாராக்கள் தாழம்புதர்ப் பக்கமும் வந்து மேய்ந்தன. அவற்றுக்குச் சட்டையைப் பற்றிய அபிப்பிராயம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது மாற்றம், படித்துறையில் நட்ட ஒரு பலகை. 'இக்குளத்துப் பறவைகளைச் சுடவோ, கல்லெறியவோ, தீனி போட்டு மயக்கவோ கூடாது. இப்படிக்கு, வள்ளிநாயகம் பிள்ளை, பறவைக் காவலர்.'

ஹோத்சந்த் போய்க் கெஞ்சிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி, அதுவும் பறவைக்கு அல்ல, தண்ணீருக்கு என்றார்.

"தண்ணிக்கு எதுக்குவே தீனி?" என்றார் பிள்ளை. "நாலு பேரு மத்தியில நீரு மேல் படில இருக்கப்பட்ட ஆளு. இந்த மாதிரிப் பழைய வழக்கத்தயெல்லாம் விடாண்டாமா? ஒம்ம நன்மைக்காச்சுட்டித்தான் சொல்லுகேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஹோத்சந்த் கடையைத் தாணுலிங்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, கலாவந்தியோடு இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் ஏறினார். கடற்கரையில் ஆட்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். கலாவந்தி அரிசியை எடுத்து வீசினாள். அலை அதைக் கொண்டுவந்து மணலிலேயே போட்டுவிட்டுப் போனது. காக்கைகள் இறங்கின.

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, அடுத்த கைப்பிடி அரிசியோடு இன்னும் உள்ளே போனாள். ஹோத்சந்த் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நின்று, திரும்புகிற பஸ் போய்விடும் என்று கூப்பிட்டார்.

"போகட்டும்" என்றாள் அவள், திரும்பாமல்.